டிகிரி அக்கா

மார்ச் 6

உப்பு ஏஜெண்டு கொடுத்த டைரி இரண்டு மாதமாக அரிசி டப்பா மேல் கிடந்தது. இன்றைக்கு எடுத்து எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. ரூபியை எங்கள் உப்பளத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். ரூபி என் கொழுந்தன் சேவியரின் மனைவி. சேவியர் தோணியில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர ஒரு மாதம் ஆகிறது. பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறான், வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று நான்தான் முதலாளியிடம் பேசினேன். பின்னால் யாராவது கேட்டால் சொல்வதற்காக எழுதிவைக்கிறேன்: நான்தான் பேசினேன்.

எங்கள் அளத்தில் முப்பத்திரண்டு பெண்கள். என் பேர் பவுலின், ஆனால் அத்தனை பேரும் என்னை டிகிரி அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் படித்தது பிளஸ் டூ, அதிலும் பிசிக்ஸில் பெயில். ஆனால் பதினோரு வருடமாக இந்த அளத்துத் தண்ணீருக்கு எத்தனை டிகிரி என்று சொல்கிறவள் நான் ஒருத்திதான். ஒன்றும் மந்திரமில்லை. உப்புக் கூடக் கூடத் தண்ணீர் கனக்கும். கனத்த தண்ணீர் கண்ணாடிக் குழாயை மேலே தூக்கும். குழாயில் தண்ணீர் தொடுகிற கோட்டைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கடல் தண்ணீர் மூன்று. இருபத்து நாலு வந்தால் உப்பு விழும் பாத்திக்கு விடலாம். இருபத்தொன்பது தாண்டினால் கசப்பு, வடித்துவிட வேண்டும். நான் எண்ணைச் சொல்லாமல் ஒரு மடை திறக்காது.

உப்புக் காற்றில் நோட்டு நமுத்துவிடும். அதனால் முதலில் இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, பிறகு கொட்டகைக்குப் போய் நோட்டில் ஏற்றுவேன். சனிக்கிழமை முதலாளி நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். மழை பெய்தால் அடித்தண்ணீரைத் தனியாகப் பார்க்க, ஒரு கம்பில் பாட்டிலைக் கட்டி, தக்கையில் கயிறு கோத்து வைத்திருக்கிறேன்; கீழே இறக்கிக் கயிற்றை இழுத்தால் அடித்தண்ணீர் மட்டும் பாட்டிலில் நிறையும். அதுவும் என் யோசனைதான்.

கங்காணி மிக்கேல் அண்ணன் மே மாதத்தோடு நிற்கிறார், கால் மூட்டு தேய்ந்துவிட்டது. அடுத்த கங்காணி பொம்பளையாகவும் இருக்கலாம் என்று முதலாளி சொன்னார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

மார்ச் 9

ரூபி வேலைக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. "யக்கா, அந்தக் கொழாய ஒருக்கா தாங்க, நானும் பாக்குதேன்" என்று கை நீட்டினாள்.

"கண்ணாடிட்டி. ஒடைஞ்சிரும்" என்றேன்.

"ஒடைக்க மாட்டேங்க்கா."

"ஒடைக்கணும்னு நெனச்சா யாரும் ஒடைப்பாவ?"

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. இத்தனை வருடத்தில் முப்பத்தோரு பெண்களில் ஒருத்தியும் கேட்டதில்லை.

மார்ச் 21

ரேஷனில் பருப்பு இல்லை. இடது கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரிகிறது. இவர் சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு வந்து, "ரூபி குடுத்துவிட்ட சாளப்புளிமுளம் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினார். நான் வைத்த மீன்குழம்பு அடுப்பில் இருந்தது.

ஏப்ரல் 2

நான் டிகிரி பார்க்கும்போதெல்லாம் ரூபி பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் "பதினெட்டு" என்று சத்தமாகச் சொன்னால், குனிந்து தண்ணீரில் கையை விட்டு என்னவோ செய்கிறாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அதனால் இன்னும் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

ஏப்ரல் 18

ஈஸ்டர் முடிந்துவிட்டது. பூசைக்குப் பிறகு ரூபி கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் நின்று, எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். வெள்ளை, சிவப்பு, மாதாவுக்கு ஏற்றும் நீலம், எல்லாம் ஒரு பை நிறைய. கரண்டு போனால் ஏற்ற உதவும். சிக்கனக்காரி என்று இவர் மெச்சிக்கொண்டார். நான் சிக்கனமாக இருந்தால் கஞ்சம் என்பார்.

ஏப்ரல் 24

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் என்ன என்று இன்று தெரிந்தது.

காலையில் நான் ஆறாம் பாத்தியிலிருந்து வருவதற்குள் ஒன்பதாம் பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. மடை திறந்திருக்கிறது. யார் சொல்லித் திறந்தீர்கள் என்று கத்தினேன். பெண்கள் ரூபியைப் பார்த்தார்கள். ரூபி உள்ளங்கையை விரித்தாள். நாவல்பழ அளவில் மூன்று மெழுகு மணிகள். வெள்ளை, சிவப்பு, நீலம்.

"உள்ள மணல் வச்சிருக்கேங்க்கா. நெறைய வச்சா கனம், கொஞ்சம் வச்சா லேசு. வெள்ள இருவதுல மெதக்கும். செவப்பு இருவத்துநாலுல. நீலம் இருவத்தெட்டுல. அதுக்குக் கம்மின்னா முங்கிப்போவும். கொழாய் வாசிக்கத் தெரியாதவிய உங்களுக்காகக் காத்துக்கிட்டே நிக்காவ, வெயிலு ஏறிருது. அதான்."

"சரியா இருக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

"நீங்கதான். நீங்க ஒவ்வொருக்க டிகிரி சொல்லும்போதும் போட்டுப் பாத்துத்தான மணலக் கூட்டிக் கொறச்சேன்."

குழாயை ஒன்பதாம் பாத்தியில் விட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு. ஒரு கோடு முன்னே பின்னே இல்லை.

நான் குழாயைக் கொடுத்திருந்தால் அவள் மெழுகைத் தேடிப் போயிருக்கமாட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு அளந்திருந்தாலும் மணி பிறந்திருக்காது. நுணலும் தன் வாயால் கெடும்.

ஏப்ரல் 25

இன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு தடவைகூட.

ஏப்ரல் 27

சிவப்பு மணியை எடுத்து வந்துவிட்டேன். திருடவில்லை, கொட்டகையில் கிடந்தது, நாளைக்கு அங்கேயே போட்டுவிடுவேன்.

இவர் குளிக்கப் போனதும் பிளாஸ்டிக் ஜக்கில் தண்ணீர் பிடித்து மணியைப் போட்டேன். முங்கியது. ஒரு கை கல் உப்புப் போட்டுக் கலக்கினேன். முங்கியே கிடந்தது. இன்னொரு கை. இன்னொன்று. அரைக்கிலோ பாக்கெட் காலியாகும்வரை அந்தச் சவம் அடியிலேயே கிடந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த பாக்கெட்டைப் பிரித்து இன்னும் ஒரு பிடி கரைத்தேன். அப்போது அசைந்தது. பிறகு மெதுவாக, யாரும் அவசரப்படுத்தாத மாதிரி, மேலே வந்தது.

மடியில் மறைத்துக் கொண்டுவந்த குழாயை விட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு.

இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "என்னளா, சர்பத்தா?" என்று ஜக்கைத் தூக்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டார். அதற்குப் பிறகு அரை மணி நேரம் முற்றத்தில் துப்பிக்கொண்டே இருந்தார். இந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். என் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

மே 3

அகப்பட்டுவிட்டது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு நாலாம் பாத்தியில் குழாய் இருபத்து மூன்று காட்டுகிறது, சிவப்பு மணி அதற்குள் மேலே மிதக்கிறது. வெயிலில் மெழுகு பெருத்துவிடுகிறது, பெருத்தால் லேசாகிவிடும். பத்துப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்துக்கிடுங்க, ஒங்க மணியக்கா மணி பொய் சொல்லுது" என்றேன். ஆமாம், அவளுக்கும் பேர் வைத்துவிட்டார்கள். மணியக்கா.

ரூபி சோற்றுப் போணியை மூடிவிட்டு வந்தாள். "மத்தியானம் அது கொஞ்சம் பொய்தாங்க்கா சொல்லும். அதான் விடியக்காலையில மட்டும் போடுதேன். மத்தியானத்துக்கு ஒங்க கொழாய்தான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தோற்கவும் விடமாட்டேன் என்கிறாள்.

மே 8

முதலாளி ஜெபசிங் இன்று வந்து பெரிய தெப்பத்தைச் சுற்றி நடந்தார். தெப்பம் என்றால் எங்கள் அளத்துக் குளம். காய்ந்து இருபது டிகிரிக்கு மேல் ஏறிய தண்ணீரை அதில் சேர்த்துவைத்துத்தான் பாத்திகளுக்கு விடுகிறோம். அது நிறைந்திருந்தால் ஆடி முடியும்வரை முப்பத்திரண்டு பேருக்கும் வேலை இருக்கும். அது போனால் ஒன்றரை மாதம் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

ரூபி சொன்னாள், "விளிம்பு வரைக்கும் நெறச்சிருவோம் மொதலாளி. ஜூன்ல காத்துக்காலம் வந்தா மண்ணு விழும், அப்ப சேக்க முடியாது."

நான் சொன்னேன், "பாதிய இப்பமே பாத்திக்கு எறக்கிருவோம். கோட மழ நம்மளக் கேட்டுட்டா பெய்யும்?"

முதலாளி இரண்டு பேரையும் பார்த்தார். "ரூபி சொல்லுதது சரியாத்தான படுது" என்றார். தெப்பத்தின் பொறுப்பையும் அவளிடமே விட்டுவிட்டார். பொறுப்பு என்ற சொல்லை நான் அவர் வாயில் இதுவரை கேட்டதில்லை.

மழை பெய்யட்டும் என்று நான் வேண்டவில்லை. பெய்தால் தெரியும் என்று மட்டும் நினைத்தேன்.

மே 19

நேற்று சாயங்காலம் தொடங்கிய மழை விடியத்தான் விட்டது.

ஆறு மணிக்கெல்லாம் அளத்துக்குப் போய்விட்டேன். காற்று இல்லை. தெப்பம் தளும்பிக் கிடந்தது. குழாயை விட்டேன். ஆறு டிகிரி. கையில் எழுதிக்கொண்டு கொட்டகைக்குப் போய் நோட்டில் ஏற்றினேன். ஆறு.

ஏழரைக்கு முதலாளி வந்தார். நோட்டைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஆறா? போர்த் தண்ணியே எட்டு இருக்கே. அம்புட்டும் போச்சா?"

"நான் அன்னைக்கே சொன்னேன், மொதலாளி" என்றேன். குழாய் காட்டியதைத்தான் எழுதினேன்.

"இத வச்சிக்கிட்டு என்ன செய்ய. அடிமடையத் தொறந்து ஓடைக்கு விடுங்க. போர்த் தண்ணிய ஏத்தி மொதல்லருந்து ஆரம்பிப்போம்" என்றார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மதலேன் அழுதுவிட்டாள், ஜூனில் மகளைக் காலேஜில் சேர்க்க வேண்டும். இரண்டு பேர் அடிமடையைத் திறந்தார்கள். தண்ணீர் சத்தத்தோடு ஓடைக்குப் போனது.

ரூபி எட்டு மணிக்குத்தான் வந்தாள். அவள் வீட்டுத் தகரம் பறந்து, விடிய விடிய வீட்டுக்குள் தண்ணீர் இறைத்திருக்கிறாள். சேலை முழங்கால்வரை சேறு. வந்தவள் நேராகத் தெப்பத்துக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று மணிகளையும் தெப்பத்தில் போட்டாள்.

மூன்றும் முங்கின. "போச்சு" என்று யாரோ சொன்னார்கள்.

அவள் கரையில் மண்டியிட்டு, முகம் தண்ணீரில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பிறகு தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பும் நீலமும் அடிக்குப் போய்விட்டன. வெள்ளை மணி ஒரு சாண் ஆழத்தில், மேலேயும் வராமல் கீழேயும் போகாமல், நடுத்தண்ணீரில் நின்றது.

"மொதலாளி, மடைய அடைக்கச் சொல்லுங்க."

"என்னத்துக்கு?"

"வெள்ள மணி நடுவுல நிக்கிது. மேல கெடக்கது மழத்தண்ணி, லேசு, ஒரு சாணுதான் இருக்கு. அதுக்குக் கீழ நம்ம தண்ணி அப்பிடியே கெடக்கு, கலக்கல. அடிமடையத் தொறந்தா நல்ல தண்ணிதான் மொதல்ல போவும்."

"பவுலின் ஆறுன்னாளே?"

ரூபி என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையைப் பார்த்தாள். பிறகு கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த, பாட்டில் கட்டிய கம்பைப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. மழையில் எல்லாமே ஈரம்தான். கிட்டே வந்து என் கையைப் பிடித்து விரித்து முதலாளிக்குக் காட்டினாள்.

"அக்கா ரெண்டும் பாத்திருக்காவ, மொதலாளி. இந்தா, மேல ஆறு, கீழ இருவத்திரெண்டு. நோட்டுல ஒண்ணத்தான் ஏத்தியிருக்காவ. மழ அவசரத்துல மறந்திருப்பாவ."

முதலாளி என் கையைப் பார்த்தார். "ஏம்மா, இத மொதல்லயே சொல்லப்பிடாதா" என்று கத்திக்கொண்டே மடைக்கு ஓடினார். அடைப்பதற்குள் கனத்த தண்ணீர் ஒரு விரல்கடை ஓடையில் போய்விட்டது. மேல்மடையில் இரண்டு பலகைகளை மட்டும் உருவினார்கள். மழைத்தண்ணீர் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. பத்தரைக்குக் காற்று எழும்பியது. அதற்குள் எல்லாம் வடிந்துவிட்டது. முன்னாலேயே எழும்பியிருந்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்திருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். நோட்டில் இரண்டாவது எண்ணை ஏற்ற மறந்துவிட்டேன். யாருக்கும் வரும் மறதி.

மே 20

கை மை போகவில்லை. பார் சோப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுத் தேய்த்தாயிற்று. நாலு நாளில் தானாகப் போகும்.

மே 22

ரூபி வீட்டுக்குத் தகரம் போட இவர் போனார். நானும் சோறு கொண்டுபோனேன். "வாங்கக்கா" என்றாள், எப்போதும் போல. அந்த "எப்போதும் போல"வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லிவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன்.

மே 27

முதலாளி எல்லோரையும் கொட்டகைக்கு வரச் சொன்னார். மிக்கேல் அண்ணனுக்குத் துண்டு போர்த்தினார். பிறகு, "மணி, கிணி எல்லாம் நல்லதுதான். ஆனா அன்னைக்கு விடியக்காலையிலயே வந்து மேலயும் பாத்து, கீழயும் பாத்து வச்சிருந்தாளே, பாத்தியளா, அதான் அனுபவம். எழுத மறந்தது வேற விசயம். இனிமே பவுலின்தான் கங்காணி" என்றார்.

முதலில் கை தட்டியது ரூபி.

பதினோரு வருடம் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேசரி கிண்டினேன். முந்திரி கருகிவிட்டது. இவர் நன்றாக இருக்கிறது என்றார்.

ஜூன் 1

மறக்கவில்லை.

ஜூன் 4

இன்று கோயிலில் ஒரே பெஞ்சு. எங்கள் குடும்பம் பதினைந்து வருடமாக உட்காரும் பெஞ்சு. பூசை முடிந்து ரூபியின் பிள்ளை ஐஸ் வாங்க ஓடினான். கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, அன்னைக்கி ஏன் அப்பிடிச் சொன்ன?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "வேற எப்பிடிச் சொல்ல?"

"நடந்ததச் சொல்லியிருக்கலாம். ஒனக்கே கங்காணி வேல கெடச்சிருக்கும்."

"எனக்கு வேண்டாம்னா நெனச்சிய? வேணும். ஆசையாத்தான் இருந்திச்சி. இப்பமும் இருக்கு." செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா ஒங்கள அத்தன பேருக்கு முன்னால கீழ தள்ளிட்டு, ஞாயித்துக்கெழம இந்தப் பெஞ்சுல ஒங்க பக்கத்துல எப்பிடி உக்காருறது? அவிய தோணிலருந்து வந்து, அண்ணி வீட்டுக்குப் போவோம்னா நான் என்னன்னு சொல்லுவேன்?"

என் மேல் உள்ள பிரியத்தில் செய்தாள் என்றுதான் இத்தனை நாளும் எரிந்துகொண்டிருந்தேன். பிரியமும் இல்லை. பெஞ்சுக்காகச் செய்திருக்கிறாள்.

எழுந்தவள் திரும்பி, "அடுத்த மழைக்கி ரெண்டையும் நோட்டுல ஏத்திருங்கக்கா" என்றாள். அது குத்தல்தான். பரவாயில்லை, கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜூன் 7

காலையில் குழாயை ரூபியிடம் கொடுத்தேன். "கண்ணாடி" என்றேன். "தெரியும்" என்றாள். மத்தியானம் அவளே படித்து அவளே சத்தமாகச் சொன்னாள். "இருவத்துமூணு." சரியாகத்தான் இருந்தது. அவள் குரல் என் குரலைவிடத் தூரம் கேட்கிறது, அதையும் எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு கொட்டகையில் நோட்டை எடுத்தேன். மே 19-ஐத் திருத்தினால் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்பப்போவதில்லை. அதனால் இந்த வாரப் பக்கத்திலேயே, முதலாளி கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே எழுதினேன்:

மே 19, பெரிய தெப்பம். மேலே 6, கீழே 22. இரண்டும் பார்த்தேன். கீழே உள்ளதை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பவுலின்.

சனிக்கிழமை முதலாளி பார்ப்பார். கங்காணி வேலை இருக்குமா என்று தெரியாது. டிகிரி பார்க்கிற வேலையும் இருக்குமா என்று தெரியாது. உப்பு வாரத் தெரியும், அதற்கும் விடுவாரோ என்னவோ.

ரூபியிடம் சொல்லவில்லை. தெரிந்தால் முதலாளியிடம் ஓடிப்போய் எனக்காகப் பேசுவாள். இந்த ஒன்றையாவது அவள் இல்லாமல் நான் செய்துகொள்கிறேன்.